தெக்கோங்கிலிருந்து வீடு வரை: புக் அவுட் பயணம் தேறுமா?

சிங்கப்பூரின் புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருக்கும் பையன்கள் வார இறுதியில் முகாமை விட்டு (அதுதான் புக் அவுட்) வீடு திரும்பும் வழியை மூன்று துண்டாகப் பார்க்க வேண்டும்: ஃபெரி, பேருந்து, எம்ஆர்டி ரயில். முதல் இரண்டும் ராணுவத்தின் பொறுப்பு, நன்றாகவே ஓடுகின்றன. மூன்றாவது பொதுமக்களோடு போக வேண்டியது. மதிப்பெண் குறைவது அங்கேதான்.

ஃபெரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் பயணம் குறுகியது. சாங்கியில் உள்ள ராணுவப் படகுத்துறையில் இறங்கியதும் பாசிர் ரிஸ்ஸுக்குப் பேருந்து. கார் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கே போய்க் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு யோசனை: எந்த ஃபெரியில் வருவார்கள் என்பது கடைசி வரை மாறலாம், பக்கத்தில் எம்ஆர்டியும் கிடையாது. பாசிர் ரிஸ்ஸில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் பேரங்காடியில் காத்திருந்தால் கழிவறையும் சாப்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். டாக்சி எடுப்பதானால் மாலை நெரிசலில் மீட்டர் கட்டணத்துக்கு மேல் 25 விழுக்காடு கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பசியோடு வரும் பையன் ரயில் நிலையக் கேட்டுக்குள் நுழையுமுன் சாப்பிட்டுவிட வேண்டும். ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம். தண்ணீரும் அதில் அடக்கம். சீருடைக்குச் சலுகை இல்லை.

இனி ரயில். பாசிர் ரிஸ் கிழக்கு மேற்கு வழித்தடத்தின் முனை நிலையம், ரயில் காலியாகவே புறப்படும். அப்படியிருந்தும் பச்சைச் சீருடைப் பையன்கள் கதவோரம் சாய்ந்து நிற்பார்கள். வரிசையாக இருக்கை காலி, ஆனால் உட்கார மாட்டார்கள். சீருடையில் உட்காரக் கூடாது என்று பொதுப் போக்குவரத்தில் விதி எதுவும் இல்லை. பயமெல்லாம் கைபேசிக் கேமராவுக்கு. நாலு நிலையம் தாண்டிக் கூட்டம் ஏறியதும், கண் அசந்த பையனை யாராவது படம் பிடித்துப் போட்டுவிட்டால், அவன் ஏறியபோது பெட்டி காலியாக இருந்தது படத்தில் தெரியாது. 2011இல் பணிப்பெண் ஒருவர் பையைச் சுமக்க, முன்னால் நடந்த வீரரின் படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதற்குப் பிறகு இந்தக் கூச்சம் கூடியதே தவிரக் குறையவில்லை.

உட்காருங்கள் தம்பி. கதவோர முன்னுரிமை இருக்கையை விட்டுவிட்டு வரிசையின் நடுவில் உட்கார்ந்தால் போதும். முதுகுப்பையைக் கழற்றி முழங்கால்களுக்கு நடுவே வைக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் வைத்தால்தான் வம்பு. நிற்பதானாலும் முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பாதீர்கள், பின்னால் நிற்பவரின் முகத்தில் இடிக்கும். தூங்கப் போகிறீர்கள் என்றால் இறங்கும் நிலையத்துக்கு முன்னால் அடிக்கும்படி கைபேசியில் அலாரம் வையுங்கள். பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் போக ஒரு மணி நேரம் போல ஆகும்.

லிட்டில் இந்தியா பக்கம் போகிறவர்கள் தெம்பனிஸில் மாறாதீர்கள். அங்கே டௌன்டவுன் வழித்தடத்துக்குப் போக கேட்டுக்கு வெளியே வந்து, சுமையோடு நடந்து, 15 நிமிடத்துக்குள் மறுபடி அட்டையைத் தட்ட வேண்டும். பூகிஸ் வரை போய் மாறினால் வெளியே வரும் வேலையே இல்லை, அங்கிருந்து இரண்டாவது நிலையம் லிட்டில் இந்தியா.

அமெரிக்க விமான நிலையங்களில் சீருடை அணிந்தவர்களை முதலில் விமானத்தில் ஏற்றுவதும் தனி ஓய்வறை தருவதும் வழக்கம். இந்திய ரயிலில் ராணுவத்தினருக்குத் தனி ஒதுக்கீடே உண்டு. இங்கே கைதட்டல் எதுவும் எதிர்பார்க்க முடியாது. 1967 முதல் கட்டாயத் தேசிய சேவைக்குக் கிட்டத்தட்ட எல்லா வீட்டுப் பையனும் போய்வருகிறான், யாருக்கு யார் தட்டுவது? சில கடைகள் ராணுவ அடையாள அட்டையான லெவன் பியைக் காட்டினால் விலை குறைக்கும். பில் போடுமுன் கேட்டுவிடுங்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

வடகிழக்குப் பக்கத்துப் பையன்களுக்குத்தான் இப்போதைக்குச் சிரமம். ஹவ்காங்கிலோ அங் மோ கியோவிலோ இருப்பவர் ரயிலில் போனால் பாய லேபாரில் வட்ட வழித்தடத்துக்கு மாறி, செராங்கூனிலோ பீஷானிலோ மறுபடி மாறித்தான் வீடு சேர வேண்டும். பாசிர் ரிஸ், ஹவ்காங், அங் மோ கியோ மூன்றையும் இணைக்கும் குறுக்குத் தீவு வழித்தடத்தின் முதல் கட்டம் 2030இல் திறக்கவிருக்கிறது. அதுவரை பாசிர் ரிஸ்ஸில் பேருந்து ஏறுவதே மேல்.