கால் தி மிட்வைஃப்: ஐந்தாம் சீசனுக்காகவே பார்க்கலாம்

ஜெனிஃபர் வொர்த் என்ற பேறுகால நர்ஸின் நினைவுக் குறிப்புகளை வைத்து பிபிசி 2012-இல் தொடங்கிய தொடர் இது. கதை 1957-இல், கிழக்கு லண்டனில் பாப்லர் என்ற ஏழைப் பகுதியில் ஆரம்பிக்கிறது. வேலூரில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாம் சீசனையாவது பார்த்துவிட வேண்டும்.

அதில் ரோடா என்ற பெண்ணுக்குக் கைகால் வளராத குழந்தை பிறக்கிறது. மசக்கைக்கு டாக்டர் டர்னர் எழுதிக்கொடுத்த டிஸ்டாவல், அதாவது தாலிடோமைடுதான் காரணம். பிரிட்டனில் 1958-இல் விற்பனைக்கு வந்து 1961 கடைசியில் நிறுத்தப்பட்ட மாத்திரை. கரு உண்டாகி ஏறத்தாழ 20 முதல் 36 நாளுக்குள் ஒரே ஒரு மாத்திரை விழுங்கினாலும் கேடு வரலாம். மசக்கை பிடிக்கிற நாட்களும் அவைதான் என்பது பெருங்கொடுமை.

டர்னர் அலட்சியக்காரர் இல்லை. அக்கறையோடுதான் எழுதிக்கொடுக்கிறார். இதைத் துணிந்து காட்டியதுதான் தொடரின் பலம். வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன: இன்று நமக்குத் தெரிந்ததை அன்றைய மனிதர்களுக்கும் தெரிந்ததாகக் காட்டிவிடுகின்றன. புகைக்கும் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கிறது என்ற ஆய்வே 1957-இல்தான் வந்தது. மதுவால் கருவுக்கு வரும் பாதிப்புக்கு மருத்துவ உலகம் பெயர் வைத்தது 1973-இல். 1950-களில் நடக்கும் படத்தில் ஒருத்தி கர்ப்பிணியின் கையிலிருக்கும் கிளாஸைப் பார்த்துப் பதறினால், பதறுவது இன்றைய இயக்குநர்தான். ஸ்கேனும் அப்படியே: கருவின் படம் ஆய்விதழில் வந்ததே 1958-இல். அதனால் இந்தத் தொடரில் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்கிறார்களே, அது மிகச் சரி.

குறையும் உண்டு. நர்ஸ்கள் சில இடங்களில் இன்றைய கவுன்சிலர் மாதிரி பேசிவிடுகிறார்கள்.

ராணிப்பேட்டையில் பிறந்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றிப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் அப்பாவே டாக்டராக இருந்தும், ஆண் என்பதால் வேண்டாமென்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தக் கணவன்மாரைக் கல்நெஞ்சக்காரர்களாகக் காட்டினால் படம் பொய்யாகிவிடும். ராத்திரியில் ஓடிவந்தவர்கள் அவர்கள். பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமென்று மருமகளின் சோற்றைக் குறைத்த மாமியாரும், ஆகாதென்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய மருத்துவச்சியும் அப்படித்தான்: அக்கறையோடுதான் செய்தார்கள்.

சப்டைட்டிலோடு பாருங்கள். கிழக்கு லண்டன் பேச்சு காதுக்குப் பழக இரண்டு எபிசோடாவது ஆகும்.