அம்மாவின் வொஷிங் மெசினைத் திருத்துவதா, மாற்றுவதா?

இந்த முறை யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் நின்றபோது அம்மாவின் வொஷிங் மெசின்தான் பெரிய வேலையாகிவிட்டது. மேலால் உடுப்புப் போடுகிற முழு ஓட்டோமெற்றிக். தண்ணீர் நிரம்ப வெகுநேரம் எடுத்தது. பிழிகிறபோது இரைச்சல் பக்கத்து வளவு வரைக்கும் கேட்டது. அடியில் கசிவு வேறு. ரொறன்ரோவில் என்றால், ஆள் வந்து பார்க்கிற கூலிக்குப் பயந்தே புதுசு எடுத்துவிடுவோம். அந்தக் கணக்கு ஊரில் பொருந்தாது.

கொம்பனிச் சேவை நிலையத்தில் கேட்டால், பழைய மொடல், பார்ட்ஸ் வராது, புதுசு வாங்குங்கோ என்று மெசினைப் பார்க்காமலே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அயலில் திருத்துகிற தம்பி ஒருவரைக் கூப்பிட்டோம்.

அவர் முதலில் பைப்பைக் கழற்றி, தண்ணீர் உள்ளே போகும் வாயிலிருந்த வலையைக் காட்டினார். சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரில் ஓடுகிற எந்த மெசினுக்கும் இது வரும். வலையைக் கழுவியதோடு அந்தக் குறை தீர்ந்தது. பிறகு தொட்டியைக் கையால் சுற்றினார், தூக்கி ஆட்டினார், அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"அண்ணை, சீல் போய் தண்ணி பெயரிங்குக்குள்ள இறங்கியிருக்கு. தொட்டியின்ர அடித்தட்டு அரிச்சிருந்தா விட்டுடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். அது நல்லாயிருக்கு."

சீல் என்பது தண்ணீர் கசியாமல் தடுக்கிற இறப்பர் வளையம், பெயரிங் தொட்டி சுழலத் தாங்குகிற பாகம். கசிவுக்கும் இரைச்சலுக்கும் அவைதான் காரணம். அடித்தட்டு நல்லாயிருக்கு என்று கேட்டதும் திருத்துவதென்று முடிவெடுத்தோம்.

சீலும் பெயரிங்கும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. துருவேறி இறுகிப்போயிருந்த ஆணியை இளக்கவே அரை நாள் போனது, தம்பி பொறுமையிழக்கவில்லை. கூலியும் சேர்த்து, புது மெசின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. 2022இல் அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது ஏறிய புது மெசின் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அடித்தட்டு அரித்திருந்தாலோ, மெசினை இயக்குகிற எலெக்ரோனிக் போர்ட்டும் சேர்ந்து பழுதாகியிருந்தாலோ புதுசுதான் வாங்கியிருப்பேன். அப்படி வாங்குகிறவர்கள் மோட்டருக்கு 10 வருட உத்தரவாதம் என்ற ஸ்ரிக்கரை மட்டும் பார்க்காதீர்கள். அநேகமாக முதலில் போவது சீல், பெயரிங், போர்ட். அவற்றுக்கு எத்தனை வருடம், பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே வந்து பார்க்க ஆள் இருக்கிறாரா என்று கடையில் கேளுங்கள். நாங்கள் விமானம் ஏறிய பிறகு ஆள் தேடி அலையப்போவது அம்மாக்கள்தானே.

வலையைக் கழற்றிக் கழுவ அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.