முகம் புதுசு, பிறேக் பழசு: டபிள்யூ 211 எடுக்கப் போகிறவர்கள் கவனம்

ஜேர்மனியில் பழைய பென்ஸ் தேடித் திரியும் எங்கட ஆட்கள், முக்கியமாக இ-கிளாஸ் டபிள்யூ 211 எடுக்க நினைப்பவர்கள், காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பின் சீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு, பிறேக் பிடிக்காத காரில் மலைச்சரிவில் இறங்கினேன். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

1991இல் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய இரவு என்னை ஏற்றிப்போன டக்சி ஒரு 124 பென்ஸ். தந்த நிறம், கதவு சாத்தும்போது பெட்டக மூடி விழுந்த மாதிரி ஒரு கனத்த சத்தம். அன்று பிடித்த ஆசை. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகுதான் எனக்கென்று ஒரு இ-கிளாஸ் எடுக்க முடிந்தது.

இந்தக் காரில் ஆசை வைத்தவர்கள் வருடத்தைச் சொல்லிக் கதைப்பதில்லை, ஒவ்வொரு தலைமுறைக்கும் மேர்சிடிஸ் வைத்த எண்ணைச் சொல்லித்தான் கதைப்பார்கள். 123 என்றால் 1976இல் வந்தது. 124 வந்தது 1984 கடைசியில். வட்ட வட்டமாக நாலு கண் வைத்த 210, 1995இல். அதே நாலு கண்ணைக் கொஞ்சம் சரித்து வைத்த 211, 2002இல். 2009இல் 212. "இ-கிளாஸ்" என்ற பெயரே 1993இல்தான் வந்தது. அதற்கு முதல் "300 இ" என்று எண்ணுக்குப் பின்னால் நின்ற "இ", பெற்றோலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் முறையைக் குறித்த எழுத்து. அப்படியானால் 1990இல் செய்த 124ஐ இ-கிளாஸ் என்று சொல்லலாமா என்று தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் வாதாடுவார்கள். சொல்லலாம் என்பதுதான் என் கட்சி.

எண் தெரிந்தால் மட்டும் காணாது. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதே எண்ணில் கார் வந்துகொண்டிருக்கும்போதே அதைப் புதுப்பிக்கும் இடம் அது. ஜேர்மன் மொழியில் மொடெல்ஃப்ளேக என்பார்கள், சுருக்கி மொப்ஃப். கோட்டுக்கு முன்னால் செய்தது ஃபோர்மொப்ஃப். கன கார்களில் இந்தக் கோடு லைற், பம்பர் அளவோடு நின்றுவிடும். 211இல் 2006 ஜூனில் விழுந்த கோடு அப்படிப்பட்டதல்ல. அன்று பிறேக் முறையே மாறியது. எனக்கு இது தெரியும். தெரிந்துதான், "மொப்ஃப் என்றால் மட்டும் எடுப்பேன்" என்று சொல்லித் தேடினேன். அந்தச் சொல்லை வைத்தே என்னை ஏமாற்றினார்கள்.

ஸ்ருட்கார்ட்டுக்கு வெளியே, கல் பரவிய ஒரு விற்பனை வளவு. அங்கே நின்று ஆள் பிடித்துக் கொடுப்பவர் ஒரு தமிழ்ப் பெடியன். வெள்ளி நிற இ 200 கொம்ப்ரெசர் ஒன்றைக் காட்டினார். முன் பம்பர், கிரில், பக்கக் கண்ணாடிகள், பின் லைற் எல்லாமே மொப்ஃபுக்கு உரியவை. விலை 6,400 யூரோ.

"அண்ணை, இது மொப்ஃப் அண்ணை. பத்திரத்தைப் பாருங்கோ, 2006 பதினோராம் மாதம். பிறேக் பிரச்சினை எல்லாம் அதுக்கு முதல் வந்ததுக்குத்தான். யோசிக்காமல் எடுங்கோ."

கதவைத் திறந்தேன். முன் பக்கத்திலிருந்து "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சல், இரண்டு செக்கன் இருக்கும், பிறகு நின்றது.

"இது என்ன சத்தம் தம்பி?"

"பெற்றோல் பம்ப் அண்ணை. கதவு திறந்தவுடன ஆயத்தமாகும்."

நம்பினேன். ஸ்டீரிங் பழைய வடிவமாக இருந்ததைக் கண்டும் கேட்காமல் விட்டேன்.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், டேகர்லோக்கிலிருந்து நகரத்துக்குள் இறங்கும் நொயே வைன்ஸ்டைகெ வீதி. அந்தச் சரிவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாதி வழியில் மீற்றர் நடுவில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை விழுந்தது, கூடவே ஒரு மணி அடித்தது. பிறேக்கை மிதித்தேன். பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி கீழே போனது. கார் குறையவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, முதுகைச் சீட்டில் அழுத்தி மிதித்த பிறகுதான் இழுபட்டு இழுபட்டு நின்றது. முன்னால் சிவப்பு விளக்கில் நின்ற வண்டிக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்த கையை வீடு போகும் வரைக்கும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காரை ஏற்றிக்கொண்டு, சிண்டல்ஃபிங்கன் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணையிடம் போனேன். இந்தக் கார் பிறந்த ஆலையே அதுதான். அவர் கணினியைக்கூட எடுக்கவில்லை. பொனட்டைத் திறந்து, சாரதிப் பக்கம் பின் மூலையில் இருந்த பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி விரலால் காட்டினார்.

"இதிலை கறுப்புச் சட்டி மாதிரி ஒண்டு இருக்க வேணும். பிறேக் பூஸ்ரர், மிதிக்கிற விசையைக் கூட்டிக் குடுக்கிறது. இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப இது ஃபோர்மொப்ஃப். முகத்தை மாத்திப்போட்டு வித்திருக்கினம். கதவு திறக்கேக்க இரையிறது பெற்றோல் பம்ப் இல்லை, எஸ்.பி.சி பம்ப்."

எஸ்.பி.சி என்பது மேர்சிடிஸும் பொஷ் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த மின்சாரப் பிறேக். இதில் காலால் மிதிக்கும் விசை நேரே சில்லுக்குப் போகாது. பெடலில் இருக்கும் உணரி அதை அளந்து கணினிக்குச் சொல்லும். பம்ப் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் அழுத்தத்தை, எந்தச் சில்லுக்கு எவ்வளவு என்று கணினி பிரித்துக் கொடுக்கும். நல்லாக இருக்கும்போது இது அருமையான பிறேக், அதை மறைக்க மாட்டேன். மழையில் தட்டுகளில் படியும் தண்ணீரைக்கூடத் தானே துடைத்துக்கொள்ளும். ஆனால் அது செத்துவிட்டால் மிஞ்சுவது முன் இரண்டு சில்லுக்கும் போகும் எண்ணெய்க் குழாய் மட்டும்தான், அதற்கும் உதவி விசை கிடையாது. வைன்ஸ்டைகெயில் நான் இரண்டு காலால் மிதித்தது அதைத்தான்.

2004 மேயில் 6,80,000 கார்களை இந்தப் பிறேக்குக்காகத் திருப்பி அழைத்தார்கள். 2005இல் இன்னொரு பெரிய அழைப்பு, 13 இலட்சம் கார்கள். அதில் பிறேக்கோடு வேறு திருத்தங்களும் சேர்ந்திருந்தன. 2006 மொப்ஃபில் 211இலிருந்து எஸ்.பி.சியையே எடுத்துவிட்டு வழமையான பிறேக்குக்குத் திரும்பினார்கள். 211ஐ இரண்டாகப் பிரித்துப் பேசுவதற்குப் பெரிய காரணமே இதுதான், பம்பரின் வளைவு அல்ல.

இன்னொன்று. அந்தப் பம்ப் எத்தனை தரம் பிறேக் பிடித்தோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை நிரம்பினால் கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லி எச்சரிக்கும். அந்தக் கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. எச்சரிக்கை மறையும், தேய்ந்த பம்ப் தேய்ந்தபடியே இருக்கும். என் காருக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்றால், ஒப்பந்தத்தில் விற்பவர் என்று போட்டிருந்த ஜேர்மன்காரருக்குப் போன் எடுத்தேன். மனுசன் திகைத்துப் போனார். சிவப்பு எச்சரிக்கை வந்தபடியால்தான் காரைக் கொடுத்தாராம், அதைச் சொல்லித்தான் கொடுத்தாராம், அதுவும் நான் வாங்குவதற்கு இரண்டு மாதம் முதலே அந்த வளவுக்கு விற்றுக் காசும் வாங்கிவிட்டாராம். என்னிடம் நீட்டிய ஒப்பந்தத்தில் வளவுக்காரர் வெறும் இடைத்தரகர். "வாடிக்கையாளர் சார்பில் விற்பனை" என்று ஒரு வரி. தனியாள் விற்றால் உத்தரவாதப் பொறுப்பை விலக்கலாம், வியாபாரி விற்றால் பாவித்த காருக்கும் குறைந்தது ஒரு வருடம் பொறுப்பு இருக்கிறது. அதிலிருந்து தப்பத்தான் அந்த வரி. மொப்ஃப் என்ற சொல் ஒப்பந்தத்தில் ஓரிடத்திலும் இல்லை. வாயால் மட்டும் சொன்னது.

பதிவுத் திகதியும் பொய்யில்லை. அதுதான் இதில் பெரிய பொறி. காரைச் செய்தது 2006 ஜூனுக்கு முதல், விற்காமல் நின்று முதல் பதிவானது நவம்பரில். பத்திரத்தில் இருப்பது முதல் பதிவுத் திகதி, ஆலையில் செய்த திகதி அல்ல.

உண்மை அதே பத்திரத்தில் இன்னொரு கட்டத்தில் இருந்தது. எஞ்சின் வலுவைக் கிலோவாட்டில் போட்டிருக்கும் இடத்தில் 120. அதாவது 163 குதிரைவலு, ஃபோர்மொப்ஃப். மொப்ஃப் இ 200 கொம்ப்ரெசர் என்றால் அங்கே 135 இருக்க வேண்டும், 184 குதிரைவலு. டீசல் இ 220 சி.டி.ஐ பார்ப்பவர்களுக்கு 110 பழசு, 125 புதுசு. எல்லா எஞ்சினுக்கும் இது சரிவராது. இ 350இல் இரண்டு பக்கமும் 200தான். அதனால் சட்டக எண்ணையும் பாருங்கள். முதல் மூன்று எழுத்துக்குப் பிறகு வரும் ஆறு இலக்கம் என் காரில் 211042. மொப்ஃப் இ 200 கொம்ப்ரெசர் என்றால் 211041. எதுவும் பிடிபடாவிட்டால் பொனட்டைத் திறந்து அந்தக் கறுப்புச் சட்டியைத் தேடுங்கள். கதவைத் திறந்ததும் இரைச்சல் கேட்டால் யார் என்ன விளக்கம் சொன்னாலும் காசை எடுக்காதீர்கள்.

பம்ப் மாற்ற 1,700 யூரோவுக்கு மேல் போனது. சட்டத்தரணி கடிதம் போட்ட பிறகு, முன்னைய உரிமையாளர் சாட்சி சொல்லத் தயார் என்று தெரிந்ததும், வளவுக்காரர் 900 யூரோ திருப்பித் தந்தார். அதோடு விட்டேன், அம்மாவின் வைத்தியசாலை அலைச்சலுக்கு நடுவில் நீதிமன்றம் ஏற எனக்குத் தெம்பில்லை. ஒருவேளை ஏறியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்தப் பெடியன் என் போனை எடுப்பதில்லை.

போன சனிக்கிழமை அந்த வளவைத் தாண்டிப் போனேன். முன் வரிசையில் கடும் நீலத்தில் ஒரு 211 நிற்கிறது, பளபளக்கும் மொப்ஃப் பம்பரோடு. பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. பின்னால் வாகனங்கள் நெருக்கியதில் என்னால் நிறுத்த முடியவில்லை. அது நீங்களாக இருந்தால், அல்லது உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், கையெழுத்து வைக்க முதல் அந்த ஆறு இலக்கத்தையும் கிலோவாட் கட்டத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த நேரம் என்றாலும் பார்த்துச் சொல்கிறேன்.