பச்சை இலை எடைக் கூடத்தில் கீக்ளோக்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குன்னூர் அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். பச்சை இலைக் கொள்முதல், சம்பளம், பண்டகசாலை ஆகியவற்றுக்குத் தனித்தனி ஜாவா செயலிகளும் தனித்தனிக் கடவுச்சொற்களும் இருந்ததால், அவற்றைத் தாளில் எழுதித் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டி வைப்பது ஊழியர்களிடம் வழக்கமாகியிருந்தது. சென்ற ஆண்டு, பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் ஒரே இடத்தில் கையாளும் கீக்ளோக் என்ற மென்பொருள் மூலம் ஒற்றை உள்நுழைவுக்கு (ஒரே கடவுச்சொல்லில் எல்லாச் செயலிகளையும் திறக்கும் முறைக்கு) மாறினோம்.

2014-இல் முதன்முதலாக வெளிவந்த கீக்ளோக், கட்டணமில்லாத திறமூல மென்பொருள். 17-ஆம் பதிப்பில் குவார்க்கஸ் என்ற ஜாவா கட்டமைப்புக்கு மாறியதிலிருந்து அதன் இணைய முகவரியில் ‘ஆத்’ என்ற பகுதி இயல்பாக வருவதில்லை என்பதால், பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுவோர் அங்கேயே தடுமாறுவர். ஜாவா செயலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டியில், ஓஆத்2 என்ற அனுமதி நெறிமுறைக்கான கிளையண்ட் நூலகத்தைச் சேர்த்து, இஷ்யூயர் முகவரியையும் (கீக்ளோக் இருக்கும் முகவரி) கிளையண்ட் (அதாவது நம் செயலியின்) விவரங்களையும் கொடுத்ததும் அரை நாளில் உள்நுழைவு இயங்கத் தொடங்கிவிட்டது.

எங்கள் உழைப்பை வாங்கியது வெளியேற்றம் (லாக் அவுட்) தான். எடைக் கூடத்தில் ஒரே கணினியை எழுத்தர்கள் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். செயலியின் அமர்வை (உள்நுழைந்திருக்கும் நிலையை) மட்டும் முடித்துவிட்டு, கீக்ளோக்கின் அமர்வை நான் விட்டுவைத்தேன். அடுத்து வந்தவர் உள்நுழைவை அழுத்தியதும் கடவுச்சொல் கேட்கப்படாமலே முந்தையவரின் பெயரில் திரை திறந்தது. அன்று மாலை வந்த இலை முழுவதும், வீட்டுக்குச் சென்றுவிட்ட ஓர் எழுத்தரின் பெயரில் பதிவாகியிருந்தது. ஸ்பிரிங்கிலேயே உள்ள ஓஐடிசி (ஓஆத்2 மேல் அமைந்த உள்நுழைவு நெறிமுறை) வெளியேற்றக் கையாளியை இணைத்து, திரும்பும் முகவரியைக் கீக்ளோக்கில் பதிந்த பிறகே இது சரியானது. செயலற்ற அமர்வுக்கு இயல்பாக உள்ள 30 நிமிடங்களையும் 10 ஆகக் குறைத்தோம்.

யார் எதைச் செய்யலாம் என்று கீக்ளோக்கில் தரும் பொறுப்புகளை ஸ்பிரிங் தானாக அறிந்துகொள்ளாது. அவை, உள்நுழைந்தவருக்குக் கீக்ளோக் வழங்கும் மின்னணு அனுமதிச் சீட்டான அணுகல் டோக்கனுக்குள் ‘ரெல்ம் ஆக்சஸ்’ என்ற பகுதியில் இருக்கின்றன. அவற்றை எடுத்துத் தரும் நிரலை நாமே எழுத வேண்டும். சிறிய வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது.

நவம்பர் மழையில் மின்சாரம் நின்று வந்தபோது, பேட்டரி தீர்ந்திருந்த எங்கள் செயலி சர்வரின் கடிகாரம் சில நிமிடங்கள் பின்தங்கிவிட்டது. கீக்ளோக் தந்த டோக்கன்கள் இனிமேல்தான் வழங்கப்படவிருப்பவை போலத் தோன்ற, 60 விநாடி வேறுபாட்டை மட்டுமே பொறுக்கும் ஸ்பிரிங் அனைத்தையும் மறுத்தது. மலைப்பகுதியில் சர்வர் வைத்திருப்போர் நேர ஒத்திசைவை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

ஒரே செயலி வைத்திருப்போருக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. இரண்டுக்கு மேல் இருந்தால் தயங்காமல் பரிந்துரைப்பேன்; வேலையை விட்டுச் செல்பவரின் கணக்கை இப்போது ஒரே இடத்தில் முடக்குகிறோம், முன்பு மூன்றில் ஒன்று எப்படியும் மறந்துபோகும்.