வீட்டு வரி ஆன்லைனில்: தாம்பரம் மாநகராட்சிக்கு என் மார்க்

மாடம்பாக்கத்தில் சொந்த வீடு. பேரூராட்சியாக இருந்த காலத்திலிருந்தே வரி கட்டுகிறவன். இப்போது கட்டுவது தாம்பரம் மாநகராட்சிக்கு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையதளத்தில் வீட்டு வரி கட்டுவது கரண்ட் பில் கட்டுகிற மாதிரிதான். வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் எந்த அரையாண்டுக்கு எவ்வளவு பாக்கி என்று வந்துவிடும். கட்டினால் ரசீது கையோடு பிடிஎஃப்பாக இறங்குகிறது. அதைத் திறந்து பாருங்கள், நூலக வரி தனியாகத் தெரியும்: சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. இத்தனை வருஷமாக நூலகத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஏப்ரல் 30-க்குள் முதல் அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபர் 31. இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. போனிலேயே கட்டிவிடுங்கள், கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனால் தள்ளுபடியில் பாதி அவர்களுக்கே போய்விடும்.

இது வரை 5-க்கு 5. கட்டிய பணத்துக்கு யாரைக் கேட்பது என்று வரும்போதுதான் மார்க் குறைகிறது.

சென்னை மாநகராட்சி 2011-இல் 200 வார்டுகளாக விரிந்தபோது நம் பக்கம் வெளியே நின்றது. அந்த ஆண்டு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2016-இல் முடிந்தது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல். வசந்தகுமாரி முதல் மேயர்.

மொத்தம் 70 வார்டுகள், 5 மண்டலங்கள். கணக்கைப் பாருங்கள்: பழைய தாம்பரம் நகராட்சிக்கு மட்டும் 39 வார்டு, பல்லாவரத்துக்கு 42. அந்த இரண்டுக்கே 81 பேர் இருந்த இடத்தில், இப்போது பத்து ஊருக்கும் சேர்த்து 70 பேர். பெரிய அமைப்பு என்றால் பாதாளச் சாக்கடை, குடிநீர் போன்ற பெரிய வேலைகளை ஒரே திட்டமாகப் போடலாம், அது நியாயம்தான். ஆனால் பேரூராட்சியில் டீக்கடையிலேயே கவுன்சிலரைப் பிடித்து மழைநீர் வடிகால் எப்போது என்று கேட்ட பழக்கம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போனது. இதற்கு 5-க்கு 3 தான் போடுவேன், அதுவும் தாராளம்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடத்த 2022-இல் விதி வந்தது. அந்த நவம்பர் 1 அன்று நம் மாநகராட்சிக்குள்ளேயே பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார். ஊக்கத்தொகைக்கு ஏப்ரல் 30-ஐக் குறித்து வைக்கிற ஆட்கள் இந்தக் கூட்டத் தேதியையும் குறித்து வைத்தால் தேவலை. போகும்போது வரி ரசீதை போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "நீங்க எந்த ஏரியா சார்?" என்று கேட்டால் வரிவிதிப்பு எண்ணையே காட்டிவிடலாம்.