சிவப்புக்காதா, பெட்டியா? வீவக வீட்டுக்கு எந்த ஆமை?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஆமை வளர்க்க ஆசைப்படுகிறவர் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. சட்டம் அனுமதிப்பது இரண்டே இனங்களைத்தான்: சிவப்புக்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. தரையாமை எதுவுமே கூடாது. ஊரில் பார்த்த நட்சத்திர ஆமையை நினைத்து ஏங்குகிறவர்கள் நம்மவர்களில் உண்டு. அதை வீட்டில் வைத்திருப்பது இந்தியாவிலேயே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகளை 2018 நவம்பரில் விமானம் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பிவைத்தார்கள். ஆகவே அந்த ஆசைக்கு முழுக்குப் போட்டுவிட்டு மிச்சமிருக்கும் இரண்டைப் பார்ப்போம்.

எங்கள் புளோக்கில் இரண்டும் இருக்கின்றன. என் வீட்டில் இருப்பது சிவப்புக்காது. எதிர்வீட்டு மாக்சிக்கிடம், அதாவது மலாய்க்கார அத்தையிடம், இருப்பது பெட்டி ஆமை. நான் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் என்னுடையதை அவர் பார்த்துக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்கு அவர் ஜொகூரில் உள்ள தங்கை வீட்டுக்குப் போனால் அவருடையது என் வீட்டுக்கு வந்துவிடும். விலை, அளவு, ஆயுள் என்று ஒப்பிடுகிறவர்கள் ஒப்பிடட்டும், அவையும் முக்கியம்தான். ஆனால் இந்த ஆமைகள் இரண்டுமே முப்பது ஆண்டுகள் சாதாரணமாக வாழக்கூடியவை. அத்தனை ஆண்டுகளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போகாமல் இருக்க முடியாது. எந்த ஆமை என்பதோடு, அதைப் பார்த்துக்கொள்ள யார் கிடைப்பார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் குணம். சிவப்புக்காது ஆமை மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. கண்ணுக்குப் பின்னால் தீற்றிவிட்டாற்போல் ஒரு சிவப்புக் கோடு. காட்டில் காலடி கேட்டால் கட்டையிலிருந்து தண்ணீருக்குள் சறுக்கி மறைந்துவிடும். வீட்டில் அதற்கு நேர்மாறு. காலையில் விளக்கைப் போட்டதும் கண்ணாடியோரம் வந்து நான்கு கால்களாலும் துழாவத் தொடங்கும். சமையலறைக்குப் போனால் அந்தப் பக்கம் நீந்தும், கூடத்துக்கு வந்தால் இந்தப் பக்கம். பிள்ளைகளுக்கு இது பெரிய கொண்டாட்டம். தன்னை அடையாளம் தெரிந்துதான் வருகிறது என்று ஒவ்வொருவரும் நம்புவார்கள். தீனி போடும் கை யாருடையதானாலும் அது வரும் என்பதைச் சொல்லி அவர்கள் மனத்தைக் கெடுக்க வேண்டாம்.

பெட்டி ஆமை இந்த விளையாட்டுக்கே வராது. கருத்து உயர்ந்த ஓடு, முகத்தில் மஞ்சள் கோடுகள். வயிற்றுப் பக்க ஓட்டின் குறுக்கே கீல்போல் ஒரு மடிப்பு. பயந்தால் உள்ளே இருக்கும் காற்று ‘உஸ்’ என்று வெளியேற, தலை, கால், வால் அனைத்தையும் இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் அடைத்துக்கொள்ளும். சிவப்புக்காதும் தலையை இழுத்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கீல் இல்லை. இடுக்கில் சதை தெரியும். மாக்சிக்கின் ஆமை முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது அதன் முன் ஒரு பப்பாளித் துண்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து முன்பக்க மூடி ஒரு நூலளவு திறந்தது. உள்ளே ஒரு கண் மட்டும் தெரிந்தது. நான் தொண்டையைச் செருமினேன், மூடி அடைத்துக்கொண்டது. அன்று பப்பாளியை எறும்புகள்தான் தின்றன.

அடுத்தது தண்ணீர். பாதிப் பேரின் உற்சாகம் வற்றிப்போவது இங்கேதான். கடையில் பார்க்கும் சிவப்புக்காதுக் குஞ்சு 3 செ.மீ. இருக்கும். ஆண் வளர்ந்தால் 20 செ.மீ. வரை போகும், பெண் 28 செ.மீ.யைத் தொடலாம். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்களிடையே புழங்கும் கணக்கு. வளர்ந்த ஆணுக்கே 300 லிட்டருக்கு மேல் ஆகிறது. தொட்டியின் எடையை விட்டுவிட்டாலும் கூடத்து மூலையில் ஆறு மூட்டை அரிசியை அடுக்கிவைத்த பாரம் அது. மீனைவிட ஆமை பலமடங்கு கழிவிடும், ஆகவே மீன்தொட்டி வடிகட்டி தாங்காது. பெரிய வடிகட்டி வேண்டும். அதையும் மாதாமாதம் குளியலறைக்கு எடுத்துப்போய்ப் பிரித்துக் கழுவ வேண்டும். அந்தப் பஞ்சின் வாடை எப்படிப்பட்டது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்: மூக்கைப் பிடித்துக்கொண்டாலும் தொண்டையில் தெரியும். தனி வாளியில் வைத்துத் தீனி போட்டால் தொட்டியின் அழுக்கு பாதியாகும். சோம்பல் விட்டால் நான் அப்படித்தான் செய்கிறேன்.

பெட்டி ஆமைக்கு இவ்வளவு தண்ணீர் தேவையில்லை. 20 செ.மீ. அளவில் நின்றுவிடும். பாதி நிலம், பாதி ஆழமில்லாத நீர், பதுங்க ஒரு மறைவு, கால் புதைய ஈரமான தென்னைநார்த் தூள் போதும். பெரும்பாலும் தண்ணீரில்தான் மலம் கழிக்கும் என்பதால் நீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஆனால் அது ஒரு தட்டு நீர், கையாலேயே கொட்டிவிடலாம். அது செய்யும் குறும்பு வேறு. உயரம் குறைவான தொட்டியென்றால் மூலையில் கால் கொடுத்து ஏறிவிடும். ஒருமுறை மாக்சிக்கின் ஆமை காணாமல் போய், தாழ்வாரம் முழுக்கத் தேடிக் கடைசியில் அவர் வீட்டுக் காலணி அலமாரியின் அடியில் கண்டெடுத்தோம். நான்காம் மாடி அங்கிள் அன்று கைவிளக்கோடு வந்து தரையில் படுத்துப் பார்த்தார். அதுவரை மின்தூக்கியில் தலையசைப்பதோடு நின்ற பழக்கம் அது.

வெயில் இரண்டுக்கும் வேண்டும், சிவப்புக்காதுக்குக் கூடுதலாக. மூடிய சன்னலோரத்தில் வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நிம்மதி அடைகிறவர்கள் ஏராளம். ஓடு உறுதிப்படத் தேவையான புறஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். சூடு மட்டும்தான் உள்ளே வரும். அதற்கென்று விற்கும் விளக்கும் ஓராண்டுக்குள் வலுவிழந்துவிடும், வெளிச்சம் மட்டும் குறையாமல் எரிந்து நம்மை ஏமாற்றும். ஆகவே ஞாயிறு காலையில் நாங்கள் ஆளுக்கொரு வாளியோடு கீழ்த்தளத்தை ஒட்டிய புல்வெளிக்குப் போய்விடுவோம். வாளியில் பாதிக்கு நிழல் கட்டாயம், இல்லாவிட்டால் இந்த ஊர் வெயிலில் ஆமை வெந்துவிடும். வாளியைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களிடம் மாக்சிக் சொல்வது ஒன்றே: “தொட்டால் கை கழுவு.” சால்மோனெல்லா கிருமி நல்ல ஆமையின் உடம்பிலும் இருக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 10 செ.மீ.க்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை 1975இலேயே தடை செய்தார்கள்.

உணவில் பெரிய சண்டையில்லை. சிவப்புக்காது குஞ்சாக இருக்கும்போது புழு, இறால் கேட்கும், வளர்ந்தால் கீரைக்கு மாறும். தேக்கா சந்தையின் கங்கோங் கீரைக் கட்டு ஒன்று இரண்டு வீட்டுக்கும் பங்காகிறது. பெட்டி ஆமைக்குக் கூடவே பழமும் காளானும் மண்புழுவும். கணவாய் ஓடு இரண்டுக்கும் நல்லது.

“பாவம், தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று வாங்கக் கூடாதா?” என்று கேட்காத விருந்தாளி இல்லை. கூடாது. இரண்டு இனங்களுமே தனிமையை விரும்புகிறவை. சிறிய தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் கடி. ஆணையும் பெண்ணையும் விட்டால் பெண்ணுக்கு ஓயாத தொல்லை. துணை தேவைப்படுவது வளர்க்கிற நமக்கு.

என் மாமியார் முதல்முறை வந்தபோது தொட்டியைப் பார்த்துவிட்டு, “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள், மாப்பிள்ளை” என்றார். அது தானாகப் புகவில்லை, நான்தான் தூக்கி வந்தேன் என்று சமாளித்தேன். மூன்றாம் வாரத்தில் அவரே அதற்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெட்டி ஆமையாக இருந்திருந்தால் அவர் மனம் மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். சிவப்புக்காதின் பலம் அது: முகம் கொடுத்துப் பழகி ஆளைக் கவிழ்த்துவிடும்.

பிறரிடம் விட்டுப்போகும்போது அதுவே பலவீனமாகிவிடுகிறது. வளர்ந்த சிவப்புக்காதுக்கு வாரத்துக்கு மூன்று நாள் குளிகைத் தீனி போதும், ஒரு வேளைக்கு அதன் தலையளவு. ஆனால் கண்ணாடியில் முட்டிமுட்டிப் பல நாள் பட்டினிபோல நடிக்கும். மாக்சிக்குக்கு இளகிய மனம். நான் திரும்பிவந்தால் தண்ணீர் கலங்கி, ஆமைக்குக் கால் மடிப்பில் கொழுப்பு பிதுங்கும். இப்போது தீனியைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, தேதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். மீதிப் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். அவர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, சிரிக்கிறார். பெட்டி ஆமையின் சிக்கல் தலைகீழ். இடம் மாறினால் வாய் திறக்காது. வளர்ந்த ஆமைக்குச் சில நாள் பட்டினியால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்திருந்தும், அது சாப்பிடாத ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் மாக்சிக்குக்கு என்ன எழுதுவது என்று தவித்திருக்கிறேன். என் ஆமையை விட்டுப்போகக் கண்டிப்பான நண்பர் வேண்டும், அவருடையதை விட்டுப்போகப் பொறுமையான நண்பர் வேண்டும். எங்கள் இருவருக்கும் வாய்த்திருப்பது மாற்றி வாய்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

மனச்சாட்சிக் கணக்கில் இரண்டும் சுத்தமில்லை. சிவப்புக்காது உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியை நிறுத்தியது. இங்கே பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவின் குளங்களில் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பவற்றில் பல யாரோ விட்டுவிட்டுப் போனவை. விசாக தினத்தில் புண்ணியத்துக்காக விடுகிறவர்களும் உண்டு. அப்படி விடுவது குற்றம், தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. பெட்டி ஆமை இந்த மண்ணுக்கே உரியது. ஆனால் இறைச்சிக்கும் மருந்துக்கும் காட்டிலிருந்து அள்ளப்பட்டு அருகிவருகிறது. 2000 முதல் அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லாத பெட்டி ஆமையை வாங்காதீர்கள்.

என் தீர்ப்பு இதுதான். பிள்ளைகள் உள்ள, ஆள் நடமாட்டம் உள்ள வீட்டுக்குச் சிவப்புக்காது. ஆனால் குஞ்சு வேண்டாம், வளர்ந்த ஆண் வேண்டும். குஞ்சில் ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண்ணாகிவிட்டால் துணையில்லாமலே முட்டை வைக்கும், அதற்கு மணல்மேடு வேண்டும், இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். வளர்ந்த ஆணை முன்னங்கால் நகங்களின் நீளத்தை வைத்தே கண்டுகொள்ளலாம். இடமில்லாமல் கொடுத்துவிட நினைப்பவர்கள் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள். என்னுடையதே நான்காம் மாடி அங்கிளின் மகன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது கைமாறியதுதான். அங்கிள் வாரம் ஒருமுறை வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, வடிகட்டியை நான் கழுவும் முறை சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போவார்.

அமைதியான, வயதானவர்கள் உள்ள வீட்டுக்குப் பெட்டி ஆமை. தொட்டி தூக்க வேண்டாம், வடிகட்டி கழுவ வேண்டாம், முகம் காட்டாவிட்டாலும் பரவாயில்லை என்கிறவர்களுக்கு அதுவே மேல். புளோக்கில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக ஒருவரும் இல்லாதவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் பூனை வளர்க்கவும் அனுமதி இருக்கிறது, பூனையைப் பணம் கட்டி விட்டுப்போக இடங்களும் இருக்கின்றன.