கணக்கில் முந்தி ஓடும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் எதைக் கேட்கலாம்?

"உங்கட மகள் கணக்கை முதலே செய்து முடிச்சிட்டுச் சும்மா இருக்கிறா, எனக்குப் பாவமாக் கிடக்கு" என்று கணித ரீச்சர் சொன்னபோது அவள் தரம் 6. அதிபரிடம் போக முன்னம், எந்த வழியைக் கேட்பது என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

யாழ்ப்பாணத்தில் எல்லாரும் முதலில் சொல்வது ரியூசன்தான். தரம் 8 வகுப்பில் கொண்டுபோய் விடுங்கோ, பிள்ளை பிடிச்சிடும் என்பார்கள். பிடிக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த இரண்டு வருடமும் பள்ளிக்கூடத்தில் தெரிந்த பாடத்தையே திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்ப இருக்கிற சலிப்பு அப்போது இரண்டு மடங்கு. பின்னேரங்களும் போய்விடும்.

வகுப்பேற்றம், அதாவது டபுள் புரமோசன், எங்களுக்குச் சரிவராது. கணக்கில்தான் அவள் முன்னுக்கு, தமிழிலும் விஞ்ஞானத்திலும் தன் வயதுப் பிள்ளைதான். கூட்டாளிகளை விட்டுப் போகவும் அவளுக்கு மனமில்லை.

கணிதப் பாடவேளைக்கு மட்டும் தரம் 7இல் போய் இருப்பது கேட்க நல்ல யோசனை. இரண்டு வகுப்புக்கும் கணிதம் ஒரே நேரத்தில் வரவேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வேறொரு பாடத்தை இழப்பாள். பள்ளிக்கூடம் 1ஏபி வகையா என்பதையும் பாருங்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில், அதாவது தரம் 12, 13இல், விஞ்ஞான, கணிதப் பிரிவும் உள்ள பள்ளிக்கூடம். அந்தப் பிரிவின் இணைந்த கணிதப் பாடம் அங்கேதான் இருக்கும். தரம் 11உடன் முடிகிற பள்ளிக்கூடத்தில் இப்படி முன்னுக்கு ஓடினால் கடைசி வருடத்தில் போய் இருக்க வகுப்பு இராது.

நான் கேட்டது நாலாவதை: அதே வகுப்பு, அதே அலகு, ஆனால் ஆழமான கணக்கு. வகுப்பில் காரணிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். 1 முதல் 100 வரை எந்த எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக வரும் என்று வீட்டில் அவளிடம் கேட்டேன். 36ஐ எடுத்து 1உம் 36உம், 2உம் 18உம், 3உம் 12உம், 4உம் 9உம் என்று சோடி சோடியாக எழுதிக்கொண்டு வந்தவள், 6இல் பென்சிலை நிறுத்திவிட்டாள். "அப்பா, இதுக்குச் சோடி இதுவேதான்!" அதன் பிறகு 100 வரை தேட அவளுக்குத் தேவையே வரவில்லை, பத்து வர்க்க எண்களையும் மளமளவென்று எழுதினாள். தரம் 8 பாடத்தை முன்கூட்டிப் படித்திருந்தால் இந்த முகத்தை நான் பார்த்திருக்க மாட்டேன்.

சர்வதேச கணித ஒலிம்பியாட்டில்கூட ஒரு நாளைக்கு மூன்று கணக்குத்தான், அதற்கு நாலரை மணித்தியாலம் கொடுக்கிறார்கள். வேகத்தைவிட ஒரு கணக்கோடு நீண்ட நேரம் இருக்கும் பழக்கத்தைத்தான் நான் அவளுக்கு விரும்புகிறேன்.

அதிபரிடம் போகும்போது "என்ர பிள்ளை கெட்டிக்காரி" என்று தொடங்காதீர்கள், கொப்பியைக் கொண்டு போங்கள். நான் அந்த 36 இருந்த பக்கத்தைத்தான் காட்டினேன். நாற்பது பிள்ளைகளைப் பார்க்கிற ரீச்சருக்குப் புதுச் சுமை கொடுக்கக் கூடாது என்பதால், கிழமைக்கு மூன்று கணக்கு நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வகுப்பு வேலை முடிந்ததும் செய்ய அனுமதித்தால் போதும் என்றேன். ரீச்சர் சம்மதித்தார். ஆனால் விடை மட்டும் எழுதக் கூடாது, செய்கை முழுதும் வேணும் என்றார், அது எனக்கும் சரியாகவே பட்டது. தவணை முடிவில் அந்தக் கொப்பியை வைத்துத் திரும்பக் கதைப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம்.